ஜப்பான் பிரபுவின் கிண்ணமும் என் மாமனாரின் கிண்ணமும்

என் மாமனார் கடைசியாகக் குடித்த கிண்ணத்தில் இருந்தது என்ன? ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான், என் கணவரின் அண்ணன். எனக்கு மூத்தார். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் விடவும் முடியவில்லை. ஏனென்றால் அதில் விஷம் இருந்தது என்று என் மகள் நம்புகிறாள்.

அவள் அப்படி நம்புவதற்கு ஜப்பானில் இருந்த ஒரு பிரபு காரணம். அந்தப் பிரபுவை உண்டாக்கியவள் நான்.

என் கணவருக்கு ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. மகள் கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் நாங்கள் இருவரும் அங்கே போய் அவருடன் இருந்தோம். ஒரு விடுமுறை நாளில் பழைய காலத்து மாளிகை ஒன்றைப் பார்க்கப் போனோம். செருப்பைக் கழற்றி உறையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மரப் பலகை பாவிய நீளமான நடை. கால் வைத்த இடமெல்லாம் குருவி கத்துவதுபோலச் சத்தம் வந்தது. பலகை பழசாகிவிட்டது என்று நினைத்தேன். என் கணவர் அங்கிருந்த அறிவிப்பைப் படித்துச் சொன்னார்: வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்களாம். யாராவது கத்தியோடு பதுங்கி வந்தால் தரை காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு அறையில் சின்னக் கறுப்புத் தட்டு ஒன்று கண்ணாடிக்குள் இருந்தது. பிரபு சாப்பிடுவதற்கு முன்னால் ருசி பார்க்கிற ஆளுக்கான தட்டு என்றார்.

"சொந்த வீட்டுல சோறு திங்கவே இவ்வளவு பயமா?" என்று நான் கேட்டேன்.

"பதவி இருக்குல்ல" என்றார் அவர்.

மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வயது வந்ததும் நானும் அவளும் தஞ்சாவூருக்கு வந்துவிட்டோம். அவர் அங்கேயே இருந்தார். தமிழ் படிக்கட்டும், சொந்தபந்தம் தெரியட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சரியாகத்தான் செய்தேனா என்று அன்றிலிருந்து இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். வந்த புதிதில் அவள் சாப்பிடவே மாட்டாள். ஒரு வாய் உள்ளே போக வேண்டுமென்றால் கதை வேண்டும். நரி, காக்கா எல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோயின. அப்போதுதான் அந்தக் குருவித் தரை ஞாபகம் வந்தது.

ஒரு பிரபு இருந்தார். வயதாகிவிட்டது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ஊரிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர், கொஞ்சம் கோபக்காரர். இளையவர் தலைநகரத்தில் படித்துவிட்டு வந்தவர். தனக்குப் பிறகு யார் என்று பிரபு சபையில் சொல்ல வேண்டும். மறுநாள் சொல்கிறேன் என்று அறிவிக்கிறார். அன்றைக்கே ஒரு கிண்ணம் தேநீர் குடித்துவிட்டு அப்படியே சாய்கிறார். ருசி பார்க்கிறவள் அதே தேநீரைக் குடித்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடையில் குருவிச் சத்தமும் கேட்கவில்லை. அப்படியென்றால் வந்தது வெளியாள் இல்லை. எந்தப் பலகை கத்தாது என்று தெரிந்த வீட்டு ஆள்.

"அந்த அரண்மனையில சின்னப் பொண்ணு இருக்காளா?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கா. பிரபுவோட பேத்தி."

"அவதான் கண்டுபிடிக்கப் போறா."

"சரி. அவதான். வாயைத் திற."

அதற்குப் பிறகு எங்களுக்குச் சாப்பாட்டுப் பிரச்சனை இல்லை. நான் தாவரவியல் படித்தவள். எந்த வேர் விஷம், எந்த இலை விஷம் என்று சொல்ல எனக்குச் சிரமம் இல்லை. பேத்தி எப்படித் துப்பறிய வேண்டும் என்பதையும் நானே சொல்லிக்கொடுத்தேன். யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். யார் எதைக் கேட்டார்கள், அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். யார் கொன்றது என்பது மட்டும் எனக்கே தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது.

கிராமம் பாபநாசத்துக்குப் பக்கம். மூத்தாரும் அவர் மனைவியான என் ஓரகத்தியும் மாமனாரோடு அங்கே இருக்கிறார்கள். என் மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனாரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கஞ்சியோ மருந்தோ குழாய் வழியாகத்தான். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, விழுங்கத் தெரியாமல் நெஞ்சுக்குள் போய்விடும் என்று டாக்டர் எல்லோரிடமும் சொன்னார். எங்களில் யாரைவிடவும் அதைக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டவர் மூத்தார்தான். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் இளநீரோடு பக்கத்தில் போனால், "வாயில ஊத்திடாதீங்க, வாயில ஊத்திடாதீங்க" என்று வாசலிலிருந்தே கத்துவார்.

மகளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் அங்கே போய் இருந்தேன். சம்பா அறுவடை நேரம். மூத்தார் பகலெல்லாம் அறுவடை மெஷினுக்குப் பின்னால் வயலில் நிற்பார். நானும் ஓரகத்தியும் மாமனாரைப் பார்த்துக்கொண்டோம். என் மகள் தனக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டாள். குழாயில் ஊற்றப் போகும் கஞ்சியை அவள் முதலில் ஒரு கரண்டி குடிக்க வேண்டும். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

"என்னடி இது?" என்பாள் ஓரகத்தி.

"இருங்க பெரியம்மா. சாகறனான்னு பாக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறப்பாள். "சாகலை. தாத்தாவுக்குக் குடுக்கலாம்."

ஓரகத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். மாமனாருக்கும் ஒரு பக்க உதடு சிரிக்கும். நானும் சிரித்தேன்.

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா நடக்கும். தேர் நகர்வதற்கு முன்னால் இந்தக் குடும்பத்து ஆண் ஒருவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். தலையில் ஒரு பட்டுத் துணி, கழுத்தில் ஒரு மாலை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் துணி யார் தலையில் ஏறுகிறதோ அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர் என்று ஊர் வைத்துக்கொள்ளும். பல வருடங்களாக மாமனாருக்குக் கட்டினார்கள். அடுத்தது மூத்தார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் முந்தைய வருடம் தண்ணீர் குறைவாக வந்தபோது, மூத்தார் எங்கள் வயலுக்காக மதகுப் பலகையை இறக்கித் தண்ணீரை மறித்துவிட்டு, வாய்க்கால் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களோடு தெருவில் நின்று சண்டை போட்டார். மாமனார் அதை மறக்கவில்லை.

ஒருநாள் என் கணவர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது மாமனார் கையை ஆட்டிப் போனைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். பேச்சு குழறியது. ஆனால் புரிந்தது. "சித்திரைக்கு… பரிவட்டம்… சின்னவனுக்கு. நான் ஊர்ல… சொல்லிடறேன்."

என் கணவர் சிரித்தார். "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்? நான் இங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நிக்கிறவன். அண்ணனுக்கே கட்டச் சொல்லுங்க."

"உனக்குத்தான்" என்றார் மாமனார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மூத்தார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வயலிலிருந்து வந்தவர், காலெல்லாம் சேறு. திரும்பிப் போய்க் கொல்லைக் குழாயில் காலைக் கழுவினார். என் மகள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு மாமனாருக்கு உடம்பு இன்னும் மோசமானது. கண் திறப்பதே குறைந்தது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியான வேளை. ஓரகத்தி களத்து ஆட்களுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, பெரியப்பா தாத்தாவுக்குக் கிண்ணத்துல கலந்து குடுத்தாங்க."

"மருந்தா இருக்கும்."

"குழாயில ஊத்தலை. வாயில. கரண்டியால. நான் ருசி பாக்கறேன்னு சொன்னேன். வேணாம், போன்னு சொல்லிட்டாங்க."

நான் கையிலிருந்த புடவையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனேன். மாமனார் படுத்தபடியே இருந்தார். மோவாய் துடைத்துவிடப்பட்டிருந்தது. மூத்தார் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் காணவில்லை. "ஏதாவது வேணுமா மாமா?" என்று மூத்தாரிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பொழுது சாய்வதற்குள் மாமனார் போய்விட்டார்.

பிறகு யோசிக்க நேரம் இல்லை. ஊர் வந்துவிட்டது. உடலை எடுத்ததும் வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட்டு, பாத்திரங்கள் அத்தனையையும் வெளியே போட்டுத் தேய்த்தார்கள். கிண்ணங்கள் எல்லாம் பளபளவென்று வெயிலில் காய்ந்தன. இனி எது எந்தக் கிண்ணம் என்று யாருக்கும் தெரியாது.

கருமாதி அன்று தூரத்து உறவில் ஒரு அம்மா சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டார். "மண்ணைக் கரைச்சு ஊத்துனீங்களா? அதான் இழுக்காம போய்ச் சேந்துட்டாரு. நெலத்து மேல அம்புட்டு ஆசை அவருக்கு."

எனக்கு அப்போதுதான் அந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் மண்ணாசை என்பார்கள். அவர் உழுத வயலிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நிம்மதியாகப் போவார் என்பார்கள். நான் மூத்தாரைத் திரும்பிப் பார்த்தேன். மொட்டைத் தலையோடு பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். அவர் நிமிரவில்லை. விழவில்லையோ என்னவோ.

மண்தான் என்று அன்றைக்கு எனக்குள் முடிவு செய்துகொண்டேன். நிம்மதியாக இருந்தது. ஆனால் என் மனது ஒரு முடிவில் நிற்கிற மனது இல்லை. கொஞ்ச நாள் கழித்து ஓரகத்தியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஏங்கக்கா, உயிர் இழுக்கறப்ப மண்ணு கரைச்சு ஊத்துற பழக்கமெல்லாம் நம்ம வீட்டுல உண்டா?"

"இவரு ஊத்துவாருன்னு நெனக்கிறியா?" அவள் சிரித்தாள். "எங்கப்பா கெடந்தப்ப எங்க ஆளுங்க மண்ணைக் கொண்டாந்தாங்க. மூட நம்பிக்கை, சாவப்போற மனுசன் வாயில மண்ணைப் போடுறீங்களேன்னு இவருதான் கத்தி வெளிய அனுப்பிட்டாரு. அவரா? போ நீ."

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்குப் பழையபடி ஆரம்பித்துவிட்டது. மண் இல்லையென்றால் வேறென்ன? தாகமாக இருக்கிறாரே என்று வெறும் தண்ணீர் கொடுத்தாரா? வெறும் தண்ணீருக்கு எதற்குக் கலக்க வேண்டும்? குழந்தை கலப்பதைப் பார்த்தாளா, அல்லது கதையில் கலந்ததால் இங்கேயும் கலந்ததாகச் சொன்னாளா?

தஞ்சாவூர் வீட்டில் ஒருநாள் தயிர்சாதம் ஊட்டும்போது அவளே ஆரம்பித்தாள்.

"அம்மா, கதையில மூத்தவர்தானே கொன்னாரு?"

"ஏன் அப்படிச் சொல்ற?"

"பிரபு சின்னவருக்குன்னு சொன்னதை அவர் கேட்டுட்டாரு. கோபம் வந்துச்சு. சபையில சொல்றதுக்குள்ள கலந்து குடுத்துட்டாரு. ருசி பாக்க வந்தவளைப் போன்னுட்டாரு." விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. கதையில் பிரபு யார் பெயரையும் சொல்லவில்லை. ருசி பார்த்தவளை யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து அவள் பெரியப்பா கையால் எதையும் வாங்குவதில்லை. பகையெல்லாம் இல்லை. அழுவதும் இல்லை. மரியாதையாக "வேணாம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். மூத்தாருக்குப் பெண் குழந்தை இல்லை. இரண்டு பையன்களும் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறார்கள். எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் திருவையாற்று அசோகா அல்வா வாங்கிவருவார்.

"ஜப்பான் மகாராணிக்கு அசோகா புடிக்காதா? சூடா இருக்கு பாரு."

"வேணாம் பெரியப்பா."

அவர் போன பிறகு, மூடியை நான் திறந்து ஒரு வாய் தின்று காட்டினால், கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுச் சாப்பிடுவாள்.

"ஏம்மா, பாப்பாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். "மீசையைப் பாத்துப் பயப்படுதோ?"

"அதெல்லாம் இல்ல மாமா. அவ எல்லார்கிட்டயும் அப்படித்தான்."

அடுத்த தடவை மீசையை எடுத்துவிட்டு வந்தார். கருமாதிக்கு எடுத்தது திரும்ப நன்றாக வளர்ந்திருந்தது, அவருக்கு அந்த மீசைமேல் ஒரு பெருமையும் உண்டு. குனிந்து முகத்தைக் காட்டி, "இப்ப வருவியா?" என்றார். அவள் என் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து, "சரி சரி, வளந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கதையால் வந்ததைக் கதையாலேயே சரிசெய்யலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேத்தியின் விசாரணையை முடித்துவைத்தேன். மூத்தவர் கொல்லவில்லை. பிரபுவுக்குத் தன் நாட்டு மண்ணின்மேல் அவ்வளவு ஆசை. அது தெரிந்த மூத்தவர் ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கரைத்து அப்பாவுக்குக் கொடுத்தார், பிரபு நிம்மதியாகக் கண்ணை மூடினார் என்று சொன்னேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "தேநீர்னு சொன்ன."

"தேநீர்னு எல்லாரும் நெனச்சாங்க. பேத்திதான் கண்டுபிடிச்சா."

"மண்ணு தின்னா வயித்துவலி வரும்னு நீதானே என்னை அடிச்ச?"

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு. சாகப் போற பெரியவங்களுக்கு வராது."

"சாகப் போறாங்கன்னு மூத்தவருக்கு எப்படித் தெரியும்?"

அவள் தண்ணீர் குடித்துவிட்டு, "நீ கதையை மாத்துற" என்று சொல்லிக் கையைக் கழுவப் போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தைமாதம் மாமனாருக்கு வருஷத் திதி முடிந்தது. ஒரு வருடம் துக்கம் என்பதால் போன சித்திரையில் எங்கள் குடும்பத்துக்குப் பரிவட்டம் கட்டவில்லை. இந்த வருடம் மூத்தாருக்குக் கட்டுவதாக ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். மாமனார் சொன்னதைக் கேட்டவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டி யாரும் இல்லை. என் கணவருக்கு அதில் வருத்தமே இல்லை. தன்னைப் படிக்கவைத்தது அண்ணன்தான் என்று எப்போதும் சொல்கிறவர். திருவிழாவுக்கு லீவு போட்டு வரப்போகிறார். கிண்ணத்தைப் பற்றி அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அண்ணனை நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டால்? நான் சந்தேகப்படவில்லை. பெரும்பாலான நாட்களில் படுவதில்லை.

பரிவட்டம் கட்டிக்கொண்டவர் வீட்டுக்கு வந்ததும், அம்மனுக்குப் படைத்த மாவிளக்கு மாவை முதலில் வீட்டுக் குழந்தைகளுக்குத் தன் கையால் உருட்டிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். இப்போது வீட்டில் குழந்தை என்றால் என் மகள் ஒருத்திதான். ஊரே வாசலில் நிற்கும். போன வாரம் ஓரகத்தி போனில் இதை என் மகளிடம் ஆசையாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

"நான் சாப்பிட்டே ஆகணுமா?"

"பாக்கலாம்" என்றேன்.

ஊர் முன்னால் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் மூத்தாருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம். பயந்துகொண்டே விழுங்கினால் அந்த வேதனை அவளுக்கு. இரண்டுக்கும் முன்னால் அவரிடம் போய்க் கேட்டுவிடலாம் என்று புடவையெல்லாம் மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். மண்ணைத்தான் கரைத்தார் என்றால், வாயில் ஊற்றக் கூடாது என்று வாசலிலிருந்து கத்திய மனிதர் அவர். மூட நம்பிக்கை என்று தன் மனைவி வீட்டாரை விரட்டியவர். தன் அப்பா என்று வந்தபோது ஊற்றியிருக்கிறார். அதனால்தான் அப்பா போய்விட்டாரோ என்று அவரும் மனதுக்குள் அரைத்துக்கொண்டிருக்கலாம். நான் கேட்டால் அவருக்கு அது உறுதியாகிவிடும். கேட்காமல், மண்தான், நான் விசாரித்துவிட்டேன் என்று மகளிடம் சொன்னால் நம்பிவிடுவாள் என்றே தோன்றுகிறது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களும் இருப்பீர்கள். சித்திரை பிறக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. நான் முதலில் யாரிடம் பேசட்டும், மூத்தாரிடமா, என் கணவரிடமா, மகளிடமா? மூத்தாரிடம் என்றால், அவர் மனது நோகாமல் முதல் வார்த்தையை எப்படி எடுப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.